பூட்டு உடைக்கப்படவில்லை

போலீஸ் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் எனக்கு மாறுதல் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி ரோட்டில் போய், வடமதுரை தாண்டி உள்ளே பிரிகிற ஒரு கிராமத்து ஸ்டேஷன். ஆர்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் பிசைந்த கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"வேற எடம் கேட்டுப் பாக்கக் கூடாதா?"

"சேந்தே ரெண்டு வருசந்தான் ஆச்சு. நான் கேட்டா யாருப்பா குடுப்பா?"

"கேட்டுப் பாரு."

எழுந்து கை கழுவப் போய்விட்டார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அம்மா தட்டை எடுத்துக்கொண்டே, "பஸ்சுல அம்புட்டு தூரம் நீ போகணுமேன்னு அவுகளுக்குக் கவலை" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்பா திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். அதிகம் பேசாத மனுஷர். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே டவுனுக்கு வந்துவிட்டோம். எங்கள் பூர்வீகம் வடமதுரைப் பக்கம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அது எந்த ஊர், ஏன் அங்கே போவதில்லை என்றெல்லாம் வீட்டில் பேச்சு வராது. மற்ற குடும்பங்கள் கோயில் திருவிழாவுக்குச் சொந்த ஊருக்குக் கிளம்பும்போது நாங்கள் டவுன் மாதா கோயிலிலேயே பூசை பார்த்துவிட்டு வந்துவிடுவோம். நான் போலீசுக்கு எழுதிப்போட்டபோதும் அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. காக்கி உடுப்பில் முதல் தடவை வீட்டுக்குள் நுழைந்த அன்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கூச்சம் என்று நினைத்தேன்.

அந்த ஸ்டேஷன் ஓட்டுக் கட்டடம். முன்னால் தாழ்வாரம், ஒரு பக்கம் லாக்கப், இன்னொரு பக்கம் எஸ்.ஐ. அறை, பின்னால் ரெக்கார்டு ரூம். பெண் போலீஸ் நான் ஒருத்திதான். உடுப்பு மாற்றக்கூட இடம் இல்லை. வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு, மேலே ஒரு சட்டையை மாட்டி மறைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிறவரை ரைட்டர் என்பார்கள். எங்கள் ரைட்டர் வயதான ஒரு ஏட்டையா. இளம் வயதில் அதே ஸ்டேஷனில் கான்ஸ்டபிளாக இருந்து, பல ஊர் சுற்றி, கடைசியாகத் திரும்பவும் அங்கேயே வந்து சேர்ந்தவர். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். மத்தியானம் அவர் வீட்டு வெஞ்சனத்தில் எனக்கும் ஒரு கரண்டி வைப்பார்.

எஸ்.பி. வருடாந்திர இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார் என்று தாக்கீது வந்தது. இரண்டு மாதம் இருந்தது. சுவருக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்தார்கள். மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு. கூடவே இன்னொரு உத்தரவு: ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் வரலாற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். எப்போது தொடங்கியது, என்னென்ன முக்கிய வழக்குகள், எல்லாம். எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உன் கையெழுத்து நல்லாருக்காம்ல? ஏட்டு சொன்னாரு. பழைய ரிக்கார்டெல்லாம் பாத்து எழுதிரு. தப்பு வரக் கூடாது."

ஏட்டையா சாவியைக் கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கினார். "அடியில இருக்கிற கட்டையெல்லாம் இழுக்காத தாயி. பூச்சி பொட்டு இருக்கும். மேல இருக்கிறதே போதும்" என்றார்.

ரெக்கார்டு ரூம் ஒரு காலத்தில் குதிரை லாயமாக இருந்தது. தீனித் தொட்டியின் மேல் பலகை போட்டு, அதன்மேல் கட்டுக் கட்டாகக் காகிதம். முதல் பத்து நாள் எனக்குப் பிடித்தே இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி ரோட்டில் தோலும் கடலையும் ஏற்றிப் போகிற வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்ததால், காவலுக்கு நாலு பேரை வைத்து ஆரம்பித்த அவுட்போஸ்ட்தான் அது. சந்தை பெரிதானபின் ஸ்டேஷனாக ஆக்கியிருக்கிறார்கள். பாம்பு கடித்துச் செத்த ஒரு ஏட்டு, பஞ்ச காலத்தில் கண்மாய் மடைக்குப் போட்ட காவல், குதிரை போய் சைக்கிள் வந்தது, வயர்லெஸ் வந்தது, கிணற்று மோட்டார் வயர் திருட்டு. எல்லாவற்றையும் ரஃப் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். மேலே இருந்த கட்டுகள் தீர்ந்துபோயின. நான் பிறப்பதற்குச் சற்று முந்தின வருடங்கள் மட்டும் அதில் இல்லை. அவை அடியில் இருந்தன. தப்பு வரக் கூடாது என்று எஸ்.ஐ. சொல்லியிருந்தார். இழுத்தேன்.

பெரிய வீட்டுத் திருட்டு ஒன்று. வீட்டுக்காரர் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது நகையும் பித்தளைச் சாமானும் போயிருந்தது. பார்வையிட்ட அப்போதைய எஸ்.ஐ. எழுதியிருந்தார்: "பூட்டு உடைக்கப்படவில்லை. கள்ளத்தனமாகத் திறக்கப்பட்டுள்ளது. பூட்டு வேலை தெரிந்த நபரின் செயல்." அடுத்த பக்கத்தில் சந்தேக நபர் என்று ஒரு பெயர். படித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். இரண்டு வரி கழித்துத்தான் மறுபடி மேலே வந்தேன். பெயர், தகப்பனார் பெயர், தொழில். அங்க அடையாளம்: இடது கை ஆள்காட்டி விரல் நுனி இல்லை.

பட்டறை மெஷினில் போன விரல் அது. சின்ன வயதில் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன்.

சந்தேகப்பட்ட ஆட்களைத் தொடர்ந்து கண்காணிக்க ஒரு தாள் போடுவார்கள். கே.டி. ஷீட் என்போம். அதே கட்டில் அப்பாவுக்கும் ஒன்று இருந்தது. மேலே போட்டோ. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. எங்கள் வீட்டில் அப்பாவின் இளவயதுப் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். நெஞ்சுக்குக் கீழே சிலேட்டில் நம்பர் எழுதிப் பிடித்திருந்தார். கண் வேறெங்கோ பார்த்தது.

கீழே மாதாமாதம் போய்ப் பார்த்ததற்கான குறிப்புகள். "வீட்டில் இருந்தார். மனைவி கர்ப்பிணி." "வேலைக்குப் போயிருந்தார். பட்டறையில் விசாரிக்கப்பட்டது." "பெண் குழந்தை பிறந்துள்ளது." "குழந்தைக்கு ஞானஸ்நானம். வெளியூர் உறவினர் வந்து சென்றனர். சந்தேகப்படும்படி ஏதுமில்லை."

அந்தக் குழந்தை நான்தான்.

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. தாளைக் கட்டுக்குள் திணித்து, கட்டை அடியில் தள்ளி, மேலே வேறு கட்டுகளை அடுக்கினேன். கையெல்லாம் தூசி. அன்று மத்தியானம் ஏட்டையா வைத்த கத்திரிக்காயை என்னால் விழுங்க முடியவில்லை.

முதலில் எனக்கு அப்பாமேல் பாவமெல்லாம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது என்னைப் பற்றிய பயம்தான். வேலைக்கு எழுதிப்போட்ட விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. குடும்பத்தில் யாராவது குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கிறார்களா என்று. "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பொய்த் தகவல் கொடுத்ததற்கு வேலையை விட்டே அனுப்பலாம். டவுன் ஸ்டேஷனில்தான் என்னைப் பற்றி விசாரித்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. எல்லாம் இங்கே, நான் தினமும் வந்து உட்காருகிற இடத்தில் இருந்தது. இன்ஸ்பெக்ஷனில் எஸ்.பி. எந்தக் கட்டை வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லிப் பார்ப்பார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அடுத்தது இன்னொரு பயம். ஒருவேளை அப்பா செய்திருந்தால்? அதை நினைத்த உடனே என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. ஆனாலும் நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது, போகும்போது, வாசலில் பாரா நிற்கும்போது, அதே நினைப்பு.

இரண்டாவது சனிக்கிழமை அந்தத் தாளை எடுத்தேன். மடித்துச் சாப்பாட்டுப் பையில், டிபன் டப்பாவுக்குக் கீழே வைத்தேன். ரெக்கார்டைத் திருடிய போலீஸ்காரி. பஸ்ஸில் பையை மடியைவிட்டு இறக்கவே இல்லை. கண்டக்டர் "டிக்கெட்" என்றதற்கே திடுக்கிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அப்பா யாரோடோ பேசிக்கொண்டு பின்தங்கிவிட்டார். அம்மாவும் நானும் முதலில் வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்திவிட்டுத் தாளை எடுத்து அம்மா முன்னால் விரித்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. போட்டோவைப் பார்த்தாள்.

"இது எங்க கல்யாணச் சட்ட" என்றாள். விரலால் அந்தச் சட்டைக் காலரைத் தொட்டாள். "அன்னைக்கு இதப் போட்டுட்டுத்தான் போனாக. விசாரிக்கக் கூப்புட்டா நல்ல சட்ட போட்டுட்டுப் போகணும், அப்பத்தான் மரியாதையா நடத்துவாகன்னு சொன்னாக."

"எத்தன நாளும்மா?"

"மூணு நாளு. நீ வயித்துல அஞ்சு மாசம். நான் போயி வாசல்ல உக்காந்துருந்தேன், உள்ள விடல. திரும்பி வந்தப்ப அரத்தக் கையில புடிக்க முடியல உங்கப்பாவுக்கு. ஒரு மாசம் ஆச்சு. அப்புறம் மாசாமாசம் போலீசு வரும். தெருவே நின்னு பாக்கும். கோயிலுக்குப் போனா பக்கத்துல ஒக்கார மாட்டாக. அஞ்சு வருசம் அப்படியே இருந்து பாத்தோம். முடியல, கெளம்பிட்டோம்."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அப்பா செய்யவில்லைதானே என்று. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் எழுத முடியவில்லை.

"அந்த வீட்டுக்குப் பூட்டு போட்டுக் குடுத்ததே உங்கப்பாதான். ரெண்டு சாவி குடுத்தேன், ஒண்ணு வீட்டுக்காரருகிட்ட இருக்கு, இன்னொண்ணு எங்கன்னு கேளுங்கய்யான்னு அந்த மூணு நாளும் இதையேதான் சொல்லியிருக்காக. யாரும் கேக்கல."

அதற்குப் பிறகுதான் எனக்கு வேறொன்று புரிந்தது. சாவியைத் தொலைத்துவிட்டேன், கொஞ்சம் வந்து திறந்து கொடுங்கள் என்று அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் அப்பா போக மாட்டார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டு அழுதபோதுகூட, கல்லை எடுத்துப் பூட்டை உடையுங்கள் என்று தள்ளி நின்று கத்தினார். கல்மனசுக்காரர் என்று தெருவில் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தெருவில் அப்பாவின் செருமல் கேட்டது. தாளை அள்ளிப் பைக்குள் வைத்தேன். அவர் உள்ளே வந்து இருவரையும் பார்த்தார். "என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார். "தலவலி" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். யாரும் வருவதற்குள் தாளை வைத்துவிடலாம் என்று நினைப்பு. ரெக்கார்டு ரூம் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஏட்டையா தரையில் உட்கார்ந்திருந்தார். அடிக்கட்டு பிரிந்து அவரைச் சுற்றிக் கிடந்தது. என்னையும் என் கையிலிருந்த பையையும் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போனியா தாயி?"

பையைத் திறந்து தாளை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், பிரித்துப் பார்க்கவில்லை.

"நீ வந்து சேந்த அன்னைக்கு உன் சர்வீஸ் புக்குல அப்பா பேரப் பாத்தேன். பூட்டுத் தொழில்னு போட்டுருந்துச்சு. அப்பவே தெரியும் எனக்கு. நீ பாக்கிறதுக்குள்ள இத எடுத்துறணும்னு இருந்தேன். இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டுட்டேன்."

"உங்களுக்கு எப்படிய்யா…"

கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ழ-வின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுக்கிற அந்தக் கையெழுத்தைத்தான் நான் தினமும் ஜெனரல் டைரியில் பார்க்கிறேன். குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று எழுதியிருந்த கை, எனக்குக் கத்திரிக்காய் வைத்த கை.

"மாசாமாசம் பாத்து எழுதுன்னாங்க, எழுதுனேன். ரோந்து போற பீட் கான்ஸ்டபிள் நான், வேற என்ன செய்ய? உங்கம்மா ஒரு தடவ தண்ணி குடுத்துச்சு. வாங்கிக் குடிச்சேன்." தாளைக் கட்டின்மேல் வைத்தார். "அழிக்க வேண்டிய ரிக்கார்டுன்னு ஒரு லிஸ்ட் அனுப்பணும். அதுல சேத்துருவோம். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. எனக்கு ரிட்டயர்மென்ட் வருது தாயி."

சரி என்று தலையாட்டினேன். அவர் போனபிறகு பிரிந்து கிடந்த கட்டை நானே அடுக்கினேன். அப்போதுதான் அந்தக் கடிதம் கிடைத்தது. இன்னொரு ஸ்டேஷனிலிருந்து வந்த தபால். கொடைரோடு பக்கம் ஒரு ஆளை வேறு வழக்கில் பிடித்தபோது இந்தத் திருட்டையும் ஒப்புக்கொண்டிருக்கிறான். வீட்டுக்காரரின் மச்சினன். அக்காவிடமிருந்த இரண்டாவது சாவியை எடுத்துத் திறந்ததாக வாக்குமூலம். சாமான் கொஞ்சம் மீட்கப்பட்டது என்றும் இருந்தது. ஓரத்தில் ஒருவர் "பார்த்தேன், கோப்பில் வைக்கவும்" என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருந்தார்.

தேதியைப் பார்த்தேன். நான் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஞானஸ்நானத்தை வந்து பார்த்து எழுதியது அதற்கப்புறம். அதற்கப்புறமும் நாலு வருடத்துக்கு மேல் மாதாமாதம் போயிருக்கிறார்கள். அந்த நாளில் கடிதம் வழக்குக் கட்டிலும், கே.டி. ஷீட் மாதாமாதம் எழுதுகிற கோப்பிலுமாக இருந்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

லிஸ்ட்டில் சேர்த்து எரித்தால் அப்பா சந்தேக நபர் என்கிற தாளும் போகும், அப்பா செய்யவில்லை என்கிற கடிதமும் போகும். நான் பத்திரமாக இருப்பேன். நாலைந்து நாள் இதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். எஸ்.ஐ. வேறு "முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நல்ல நோட்டில் வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். வண்டிக் காவல் எழுதினேன், குதிரை எழுதினேன், கண்மாய் எழுதினேன். அந்தத் திருட்டு வந்ததும் இரண்டு வரி எழுதினேன்: "இவ்வழக்கில் விசாரிக்கப்பட்ட பூட்டுத் தொழிலாளி குற்றமற்றவர் எனப் பின்னர் தெரியவந்தது. ஆயினும் அவர் மீதான கண்காணிப்பு ரத்து செய்யப்படவில்லை."

ஏட்டையா நோட்டைச் சரிபார்க்க வாங்கினார். அந்தப் பக்கத்தில் நீண்ட நேரம் நின்றார். எழுதியதை அடிக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். கடைசிப் பக்கம் வரை திருப்பிவிட்டு எஸ்.ஐ. மேசையில் கொண்டுபோய் வைத்தார். எஸ்.ஐ. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றார்.

இன்ஸ்பெக்ஷன் நாள் வந்தது. எஸ்.பி. இளவயதுக்காரர். அணிவகுப்பு, துப்பாக்கி, லாக்கப், எல்லாம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து நோட்டைக் கேட்டார். வரிமேல் விரல் வைத்துப் படிக்கிற பழக்கம் அவருக்கு. விரல் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

"இதை யார் எழுதினது?"

"நாந்தாங்கய்யா." என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

"பேப்பர் இருக்கா?"

எடுத்துவந்து கொடுத்தேன். ஷீட்டையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "ஏன் இதை மூடலை?" என்று எஸ்.ஐ.யைக் கேட்டார். எஸ்.ஐ.க்கு வேர்த்துவிட்டது. "நான் வந்து எட்டு மாசந்தான் ஆகுதுங்கய்யா" என்றார். அப்போது வரிசையில் கடைசியில் நின்ற ஏட்டையா ஒரு அடி முன்னால் வந்தார்.

"அய்யா, அதுல பாதிப் பதிவு என் கையெழுத்துங்க. கடுதாசி வந்தது எனக்குத் தெரியாதுங்க. கேட்டிருக்கணும். கேக்கல."

எஸ்.பி. அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இதில் என்ன அக்கறை?"

"அவரு எங்கப்பாங்கய்யா."

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். தாழ்வாரத்தில் வயர்லெஸ் மட்டும் கரகரத்துக்கொண்டிருந்தது.

"வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதைச் சொன்னீங்களா?"

"அப்ப எனக்குத் தெரியாதுங்கய்யா."

நோட்டை மூடினார். எழுந்து வண்டிகளைப் பார்க்கப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குத் தபால் பை என்றாலே பயம். வயர்லெஸ் மைக்கில் எங்கள் ஸ்டேஷன் பெயர் வந்தாலே எழுந்து நின்றுவிடுவேன். மூன்று வாரம் கழித்து மெமோ வந்தது. தகவலை மறைத்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு. பதிவேட்டைச் சரியாகப் பராமரிக்காததற்கு ஏட்டையாவுக்கு. பதில் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி காத்திருந்தேன். இரண்டு மாதம். தூக்கத்தில் பேசுகிறேன் என்று அம்மா சொன்னாள். கடைசியில் என் விளக்கம் ஏற்கப்பட்டதாகவும், அந்த ஷீட்டை உரிய குறிப்போடு மூட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. ஏட்டையாவுக்கு ஒரு எச்சரிக்கை. ஓய்வூதியத்துக்குப் பாதகம் இல்லை. நான் தாளை வீட்டுக்கு எடுத்துப்போனதை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டார். நானும் கூப்பிடவில்லை.

அதன்பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். கடிதத்தில் இருந்ததை வரி வரியாகச் சொன்னேன். குனிந்தபடியே கேட்டார்.

"எப்ப வந்துச்சு அந்தக் கடுதாசி?"

சொன்னேன்.

"அப்ப நீ ஒரு மாசப் புள்ள."

"ஆமாப்பா."

"அவிங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் வந்தாய்ங்க." எழுந்து நின்றார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. "இம்புட்டு வருசமா, பிடிபடாம எவனோ ஒருத்தன் இருக்கான், அவன் பிடிபடுற வரைக்கும்தான் நம்ம விதின்னு நெனச்சுட்டு இருந்தேன். இப்ப வந்து சொல்ற!"

நான் அழுதுவிட்டேன். அவர் பட்டறைக்குப் போய்விட்டார். பத்து நாளுக்கு மேல் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொல்லாமலேயே இருந்திருக்கலாமோ என்று எனக்கு அன்று தோன்றியது. சில சமயம் இப்போதும் தோன்றுகிறது.

ஒரு புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். பாராவில் நின்றவர் வந்து, "யாரோ பெரியவரு எதுத்தாப்புல ரொம்ப நேரமா நிக்கிறாரு, உன்னயத் தெரியுமாம்" என்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை நிழலில் அப்பா. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஓடிப் போனேன்.

"உள்ள வாங்கப்பா."

"வேணாம். ஒரு தடவ வந்ததே போதும்."

கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லாக்கப் ஜன்னல் இருக்கிற பக்கம் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஏட்டையா தாழ்வாரத்துக்கு வந்தார். அப்பாவை அடையாளம் தெரிந்துவிட்டது. படி இறங்கினார், பாதி வழியில் நின்றுவிட்டார். அப்பாவும் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு லாரி போனது, ஒரு மாட்டு வண்டி போனது. ஏட்டையா கையைத் தூக்கிக் கும்பிட்டார். அப்பா பதிலுக்குக் கும்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. செத்த நேரம் அப்படியே நின்றுவிட்டு, "பெர்மிஷன் கேட்டுட்டு வாரியா? நம்ம ஊருக்குப் போவோம்" என்றார்.

ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மைல்தான். இத்தனை நாளாக அதற்குப் பக்கத்திலேயே வேலை பார்த்திருக்கிறேன். நடந்தே போனோம். ஊர் நெருங்க நெருங்க அப்பாவின் நடை மெதுவானது. இரண்டு தடவை நின்று, "திரும்பிருவமா?" என்றார். நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது? உடுப்பில் வேறு இருந்தேன். அப்பாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருக்குமே என்று அப்போதுதான் உறைத்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். என் உடுப்பைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

"ஏப்பா, நீ பூட்டுக்காரந்தான? என்னப்பா, மறுபடியுமா?"

அப்பா என் தோளில் கை வைத்தார்.

"இல்லத்தா. இது எம்மக. இங்கதான் வேல பாக்குறா."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடலைக்குப் பக்கத்தில் கிடந்த சாக்கை உதறி விரித்து, "வெயில்ல நிக்காதீக, உக்காருங்க" என்றார். அப்பா உட்காரலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்தார்.